மாடு வாங்கப் பல் பார்க்கிறோம், கைடு பிடிக்க எதைப் பார்க்கிறோம்?



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் எதையாவது வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சந்தோஷச் செய்தி. என் தம்பி மகன் எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷம் படிக்கிறான். ஏதோ ஆராய்ச்சி செய்யப் போகிறானாம். "எங்க டிபார்ட்மென்ட் எச்.ஓ.டி.யே எனக்கு கைடு" என்று போட்டிருந்தான். உடனே கைதட்டல், பூங்கொத்து, "வருங்கால விஞ்ஞானி" என்று வாழ்த்து மழை. நானும் வாழ்த்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தங்கம், அவர் உன்கிட்ட எவ்வளவு நேரம் பேசினார்?"

"இன்னும் பேசல அத்தை. ரூம் வாசல்ல அட்டெண்டர்கிட்ட பேப்பரைக் குடுத்தேன். சாயந்திரம் கையெழுத்தாகி வந்துருச்சு."

"அப்படின்னா இன்னும் ரெண்டு பேரைப் போய்ப் பாரு. பார்த்துட்டு முடிவு பண்ணு" என்று எழுதினேன். அவ்வளவுதான், குழுவே சூடாகிவிட்டது. "அக்கா, மாதா பிதா குரு தெய்வம்னு ஊருக்கே சொல்லிக் குடுத்தவ நீ. இப்ப பிள்ளையை குருவைச் சந்தேகப்படச் சொல்றியா?" என்றான் தம்பி. இன்னொரு உறவுக்காரர், பெயர் வேண்டாம், "அஞ்சாம் வகுப்பு டீச்சருக்கு மெடிக்கல் ரிசர்ச் பத்தி என்ன தெரியும்" என்று சிரிக்கிற முகம் போட்டார்.

இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

மருத்துவம் எனக்குத் தெரியாது. நான் படித்தது இடைநிலை ஆசிரியர் பயிற்சி மட்டும். ஆனால் 36 வருஷம் வாத்தியாராக இருந்திருக்கிறேன். வாத்தியார்களில் எத்தனை வகை உண்டு, எந்த வகையிடம் பிள்ளை தேறும், எந்த வகையிடம் பிள்ளை கெடும் என்பது எனக்குத் தெரியும். ஆராய்ச்சிக்கு கைடு பிடிப்பது என்பது கடைசியில் ஒரு வாத்தியாரைத் தேர்ந்தெடுக்கிற வேலைதான். அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது.

என் மாணவி ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், கல்லூரி எதுவும் சொல்ல மாட்டேன், யூகிக்கவும் வேண்டாம்.

அப்பா கிடையாது. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். என்னிடம் மூன்று வருஷம் படித்தாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் அவளுக்கு மருத்துவ இடம் கிடைத்தது. அன்றைக்கு நான் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தேன்.

இரண்டாம் வருஷத்தில் ஐ.சி.எம்.ஆரின் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்தில் அவளுக்குத் தேர்வு வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1979இலிருந்து நடக்கும் திட்டம் அது. எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே மாணவர்கள் இரண்டு மாதம் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்டால் சான்றிதழும் 50,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அந்தந்தக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்தான் கைடு. அவர் ஒப்புதல் இல்லாமல் விண்ணப்பமும் போகாது, அறிக்கையும் போகாது. பிள்ளையின் குடுமி முழுக்க அவர் கையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் பிடித்த கைடு பெரிய ஆள். சுவர் நிறையப் பட்டயம். "அவர் பேர் இருந்தா போதும்" என்று எல்லோரும் சொன்னார்கள். தலைப்பும் நல்ல தலைப்பு. கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்று 150 பேரிடம் கேட்க வேண்டும். காலையில் ஓ.பி. வரிசையில் நின்று, கைக்குழந்தையைத் தான் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெண்ணிடமும் பேசியிருக்கிறாள். மாத்திரை சாப்பிட்டால் வாந்தி வருகிறது, மலம் கறுத்துப் போகிறது, மாமியார் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்கிறார் என்று நோட்டு நோட்டாக எழுதியிருக்கிறாள். இரண்டு மாதத்தில் கைடு அவளைப் பார்த்தது இரண்டு தடவை. இரண்டும் வராந்தாவில் நடந்துகொண்டே.

கெடு நெருங்கும்போது 112 பேர்தான் முடிந்திருந்தது. போய்ச் சொன்னாள். "மிச்சம் 38ஐ ஹாஸ்டல்ல உட்கார்ந்து நிரப்பிடும்மா. 112 பேர் சொன்ன மாதிரிதானே அவங்களும் சொல்லப் போறாங்க" என்றாராம்.

அன்று ராத்திரி ஒன்பதரைக்கு எனக்குப் போன். "டீச்சர், என்ன செய்யறது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெரியவங்க சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்மா. எதிர்த்துக்கிட்டு நிக்காத. சொன்னபடி செஞ்சுட்டு நல்லபடியா வெளியே வந்துரு."

இதைத் தட்டச்சு செய்ய எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிவே அதற்காகத்தான்.

அவள் "சரிங்க டீச்சர்" என்று வைத்துவிட்டாள். ஆனால் என் பேச்சைக் கேட்கவில்லை. 112 என்றே எழுதி, ஏன் 150 வரவில்லை என்று ஒரு பத்தியும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஒப்புதல் தரவில்லை. அறிக்கை போகவில்லை. சான்றிதழும் போச்சு, பணமும் போச்சு. ஓ.பி. வரிசையில் நின்ற இரண்டு மாதத்துக்குக் கணக்கே இல்லாமல் போச்சு. இதெல்லாம் அவள் அம்மா மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் ஒருநாள் அவளிடமே கேட்டேன், என் பேச்சை ஏன் கேட்கவில்லை என்று. "நீங்கதானே டீச்சர், கணக்கு நோட்ல விடையை மட்டும் எழுதிட்டு வந்தா, வழி எங்கடின்னு கேப்பீங்க" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்த 38 பெண்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி யாருமே கிடையாது. ஆனால் அவர்கள் பெயரில் பதில் இருக்கும். அந்தப் பதிலையும் சேர்த்து ஒரு சதவீதம் வரும். அதைப் படித்து எவரோ ஒருவர் மாத்திரை கொடுப்பதைப் பற்றி ஒரு முடிவு எடுப்பார். அந்த மாத்திரையை விழுங்கப் போவது நிஜமான பெண்கள், அவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சத்துணவுப் பதிவேட்டில் 48 பிள்ளைகள் வந்த நாளில் 62 என்று எழுதச் சொன்னார் ஒரு தலைமை ஆசிரியர். நானும் எழுதினேன். புதுசு, பயம். அந்த 14 பிள்ளைகளின் அரிசி எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. முப்பது வருஷம் கழித்து என் மாணவியிடமும் அதே பயத்தைத்தான் அறிவுரை என்று கொடுத்திருக்கிறேன்.

இப்போது தம்பிக்குப் பதில்.

மாதா பிதா குரு தெய்வம், சரி. மாதாவையும் பிதாவையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது. குருவைத் தேர்ந்தெடுக்க முடியும். முடிகிற ஒன்றைச் செய்யாமல் விட்டுவிட்டுப் பிறகு தெய்வத்தின் மேல் பழி போடுவது என்ன பக்தி? சந்தைக்குப் போனால் நீ மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறாய், நடக்கவிட்டுப் பார்க்கிறாய், யார் வீட்டு மாடு என்று விசாரிக்கிறாய். உன் மகனின் இரண்டு மாதத்தையும், அவன் மனசாட்சியையும் ஒருவர் கையில் கொடுக்கும்போது மட்டும் அட்டெண்டர் வாங்கித் தந்த கையெழுத்து போதும் என்கிறாய்.

"பெரிய பேர் இருந்தா பின்னாடி வெளிநாடு போக உதவும்" என்கிறீர்கள். பிள்ளையின் முகமே தெரியாதவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் என்ன இருக்கும்? நல்ல மாணவன், ஒழுக்கமானவன் என்று இருக்கும். அதை நான் என் வகுப்பில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் மாற்றுச் சான்றிதழில் எழுதியிருக்கிறேன்.

பெரிய பெயரின் நிழலில் சின்னப் பெயர் காணாமல் போவதும் உண்டு. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்ட காலம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதை 1943இல் அமெரிக்காவில் ரட்கர்ஸ் ஆய்வுக்கூடத்தின் அடித்தளத்தில் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது ஆராய்ச்சி மாணவர். அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மன். தன் பங்கு மறைக்கப்படுகிறது என்று 1950இல் ஷாட்ஸ் நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருந்தது. வழக்கு சமரசத்தில் முடிந்து, இணைக் கண்டுபிடிப்பாளர் என்று அவரை ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும்தான் வந்தது.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்திருக்கிறது. 1921இல் டொரண்டோவில் பான்டிங்கோடு சேர்ந்து இன்சுலினுக்கு உழைத்தவர் பெஸ்ட் என்ற இளைஞர், அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்தவர். 1923இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் பேராசிரியர் மக்லியோடுக்கும் வந்தது, பெஸ்ட் பெயர் இல்லை. பான்டிங் தன் பரிசுப் பணத்தில் பாதியை பெஸ்டுக்குக் கொடுத்தார். வேலை செய்தவனின் பங்கைத் தானாகவே நினைத்துப் பார்க்கிற மனுஷன். உங்கள் கல்லூரியில் அந்த ஜாதி யார் என்றுதான் தேடச் சொல்கிறேன்.

"கேள்வி கேட்டா இன்டர்னல் மார்க்ல கை வெச்சுருவாங்க அத்தை" என்று தம்பி மகன் தனியாக எழுதியிருந்தான். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பயப்பட நியாயம் இருக்கிறது. எல்லாப்பிரகட சுப்பாராவ் எவ்வளவு பெரிய விஞ்ஞானி! நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னார் என்று கதர் அங்கி போட்டுக்கொண்டு வந்தார். அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. நூறு வருஷம் ஆகியும் அந்த அதிகாரம் இன்னும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், மாட்டிக்கொண்ட பிறகு சண்டை போடுவதைவிட, சேருவதற்கு முன்னால் விசாரிப்பது நல்லது. விசாரித்ததற்காக யாரும் மார்க்கைக் குறைக்க மாட்டார்கள், அவருக்குத் தெரியவே தெரியாது. என் மாணவியும் நானும் பிறகு உட்கார்ந்து பேசி எழுதி வைத்தவை இவை.

1. அவரிடம் ஏற்கெனவே ஆய்வு செய்த சீனியர்கள் இரண்டு பேரைப் பார். ஒருவர் முடித்தவராக இருக்கட்டும், இன்னொருவர் பாதியில் விட்டவராக இருக்கட்டும். "சார் நல்லவரா" என்று கேட்காதே, எல்லோரும் நல்லவர்தான் என்பார்கள். "நீங்க எழுதிக் குடுத்ததைத் திருத்தித் தர எத்தனை நாள் ஆச்சு" என்று கேள்.

2. பப்மெட் என்று ஒரு தளம் இருக்கிறது, காசு கிடையாது. அவர் பெயரைப் போட்டுத் தேடு. கட்டுரைகளில் மாணவர் பெயர் எங்காவது முதலில் நிற்கிறதா, அல்லது எங்கேயுமே இல்லையா என்று பார். சின்ன ஆய்வுகள் பல அங்கே வராது. அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதே.

3. "வாரத்துல எந்த நாள், எத்தனை மணிக்கு வந்து பார்க்கலாம் சார்?" என்று கேள். நாளும் நேரமும் சொல்பவர் வேறு, "வா, பார்த்துக்கலாம்" என்பவர் வேறு.

4. கட்டுரை வெளிவந்தால் யார் பெயர், எந்த வரிசையில் என்று தொடங்கும்போதே மரியாதையாகக் கேட்டுவிடு. மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சேர்ந்து வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு. ஆய்வில் கணிசமான பங்கு இருக்க வேண்டும், எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு இருக்க வேண்டும், கடைசி வடிவத்தைப் படித்து ஒப்ப வேண்டும், தவறு வந்தால் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் இருந்தால்தான் பெயர். துறைத் தலைவர் என்பதற்காகப் பெயர் போடுவதும் தப்பு, டேட்டா மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு எழுதும்போது காணாமல் போய்விட்டுப் பெயர் கேட்பதும் தப்பு. எழுதவும் கற்றுக்கொள்.

5. நெறிமுறைக் குழுவின் அனுமதி வருவதற்கு முன்னால், "நீ டேட்டா எடுக்க ஆரம்பிச்சுடு, அனுமதி பின்னாடி வாங்கிக்கலாம்" என்று சொல்பவரிடம் சேராதே. நோயாளிக்குப் புரிகிற தமிழில் ஒப்புதல் படிவம் இருக்கிறதா என்றும் பார்.

6. கடைசிக் கேள்விதான் முக்கியமானது. "நாம நினைச்ச மாதிரி முடிவு வரலைன்னா என்ன செய்வோம் சார்?" அப்போது அவர் முகத்தைப் பார். "வந்ததை எழுதுவோம்" என்று சொன்னால் காலைத் தொட்டுக் கும்பிட்டுச் சேர்ந்துகொள். "அதெல்லாம் வரவெச்சுக்கலாம்" என்று சொன்னால், டீ குடிக்கப் போகிற மாதிரி வெளியே வந்துவிடு.

இவ்வளவு கேட்க உனக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நம் சென்னையில்தான் இருக்கிறது. ஆராய்ச்சியின் அடிப்படைகளை இணையத்தில் பாடமாக நடத்துகிறார்கள். மேற்படிப்புக்காரர்களும் ஆசிரியர்களும் படிக்கிற பாடம் அது. செல்போனில் ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் அதைப் பார்.

பேராசிரியர்களைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. காலையில் ஓ.பி.யில் கட்டுக்கடங்காத கூட்டம், மதியம் வகுப்பு, நடுவில் ஆய்வுக் குழு வருகை, பதவி உயர்வுக்குக் கட்டுரை காட்டு என்று மேலிருந்து நெருக்கடி. அவர்கள் பாடு எனக்குப் புரிகிறது. என்னிடமும் ஒரே அறையில் இரண்டு வகுப்பைக் கொடுத்துவிட்டுத் தேர்ச்சி காட்டு என்றார்கள். ஆனால் நேரம் இல்லாதவர் "எனக்கு நேரம் இல்லைம்மா, வேற ஆளைப் பாரு" என்று சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்பவரை நான் நல்ல ஆசிரியர் என்றே சொல்வேன். பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தெருவில் விடுபவரை என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

என் மாணவி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அடுத்த வருஷம் சமூக மருத்துவத் துறையில் ஓர் உதவிப் பேராசிரியரிடம் போனாள். சுவரில் பட்டயம் எதுவும் இல்லை, மேசை நிறையக் காகிதம். ஆறாவது கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, "வியாழக்கிழமை மதியம் ரெண்டு மணி. வாரா வாரம் வரணும். எழுதாம வந்தா திருப்பி அனுப்பிடுவேன்" என்றாராம். திருப்பியும் அனுப்பியிருக்கிறார், இரண்டு தடவை. அவள் எழுதியதில் சிவப்பு மை அடிக்காத வரியே இல்லை. 150 பேரைக் கேட்பதாக இருந்ததை, "உன்னால ரெண்டு மாசத்துல எத்தனை பேரை ஒழுங்கா கேட்க முடியும்?" என்று கேட்டு, கணக்குப் போட்டுக் குறைத்தவரும் அவர்தான். அந்த ஒரு கேள்வியை முதல் கைடு கேட்டிருந்தால் 38 என்ற எண்ணே வந்திருக்காது. ஆய்வு முடிந்தபோது எதிர்பார்த்த தொடர்பு எதுவும் வரவில்லை. வரவில்லை என்றே எழுதினார்கள். அவள் பெயர் முதலில், அவர் பெயர் கடைசியில். அந்தப் பக்கத்தை அச்செடுத்து எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் பாதி எனக்குப் புரியவில்லை. அவள் பெயர் புரிந்தது.

இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் நாலைந்து பேர் இப்போது மருத்துவக் கல்லூரிகளிலேயே பாடம் நடத்துகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்களும் ஒருகாலத்தில் விடையை மட்டும் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் குட்டு வாங்கியவர்கள்தான். உங்கள் அறை வாசலில் எந்தப் பிள்ளையாவது காகிதத்தோடு நின்றால், அட்டெண்டரிடம் வாங்கிக் கையெழுத்துப் போடாதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் பேசுங்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல்லி அனுப்புங்கள். உங்கள் பழைய டீச்சர் கேட்கிறேன்.

தம்பி மகன் நேற்று எச்.ஓ.டி.யை நேரில் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறானாம். நல்லது. அவர் நல்லவராகவே இருக்கலாம், பேசிப் பார்த்தால் தெரிந்துவிடும். தம்பி, கோபம் இருந்தால் குழுவில் எழுதாதே, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுவோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்